டெலீட் ஆன ஃபைலை மீட்க: முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள்

மாங்கூழ் ஆலையின் சீசன் கணக்கோ, தருமபுரி ஸ்டூடியோவின் கல்யாணப் படங்களோ, ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் ஷிஃப்ட்-டெலீட்டில் போய்விட்டால் உடனே கம்ப்யூட்டரை அணையுங்கள். விண்டோஸ் ஃபைலின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்து எழுதப்படும் எதுவும் அதன்மேல் உட்காரலாம். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வதுதான் பலரும் செய்யும் தப்பு.

டிஸ்க்கைக் கழற்றி, டிஸ்க்கை யுஎஸ்பி போர்ட்டில் இணைக்கும் சாட்டா-யுஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு பெரும்பாலும் யுஎஸ்பி மின்சாரமே போதும், 3.5 அங்குலத்துக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியாக வேண்டும். ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் கேன்சல்தான். டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க் பக்கமும் போகாதீர்கள், அது டிஸ்க்கிலேயே திருத்தி எழுதும்.

முதலில் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச ரெக்கவரி சாஃப்ட்வேர்: அதன் அன்டெலீட் பட்டியலில் பெயரோடு கிடைக்க வாய்ப்புண்டு. இல்லையென்றால் அதனோடு வரும் போட்டோரெக். ஃபைல் வரும், பெயர் வராது. ‘எஃப்’ என்று தொடங்கும் நீள எண்களாக ஆயிரக்கணக்கில் குவியும். பொறுமையாகப் பிரிக்க வேண்டியதுதான். மீட்டதை வேறு டிஸ்க்கில் மட்டும் சேமியுங்கள்.

யுஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி வந்தால் 1 டிபியை முழுதாகப் படிக்க 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் கரண்ட் போகும், யுபிஎஸ் அவசியம்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால், டெலீட் ஆன இடத்தைக் காலி செய்யச் சொல்லும் ‘டிரிம்’ கட்டளை பெரும்பாலும் அதற்குள் துடைத்திருக்கும். டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். மூடியைத் திறக்காமல் ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள்.