பழைய புல்லட் சாய்ந்தால் எஞ்சின் உடையாமல் காக்கும் வழிகள்

வார்ப்பிரும்பு சிலிண்டரோடு திருவொற்றியூரில் தயாரான பழைய 350 சிசி புல்லட் சாயும்போது, அதன் எஞ்சின் உறை தரையில் மோதி உடைவதைவிட, வண்டியின் சொந்த உறுப்புகளான பிரேக் பெடல், ஃபுட்ரெஸ்ட், கியர் லிவர், கிக்கர் ஆகியவை உள்ளே மடங்கிக் குத்துவதால் உடைவதே அதிகம். ஆகவே எஞ்சினுக்கு முன்னால் இருபுறமும் நீளும் இரும்புக் குழாய்க் காப்பான லெக் கார்டு மாட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிடாமல், விழும் வண்டியின் எடை எந்தக் குழாய், எந்தப் போல்ட்டு, எந்த லிவர் வழியாக எஞ்சினுக்குப் போய்ச் சேருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

என் வண்டி ஒரு மழைநாளில் ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டில் நின்றபடியே இடப்பக்கம் சாய்ந்தது. தூக்கி நிறுத்தித் துடைத்துப் பார்த்ததில் பிரேக் பெடல் சற்று உள்ளே வளைந்திருந்ததைத் தவிர வேறெதுவும் தெரியாததால், அதை நிமிர்த்திவிட்டு ஓட்டினேன். சில நாட்கள் கழித்து, எஞ்சினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் பிரைமரி செயின் இரைச்சல் போடத் தொடங்கிய பிறகே, பெடல் முட்டிய இடத்தில் அந்தச் செயினை மூடியிருக்கும் பிரைமரி கவரில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்ததும், அதன் வழியாக எண்ணெய் முழுவதும் கசிந்து செயின் வறண்டு ஓடியதும் தெரிந்தன. மெதுவாகத்தானே சாய்ந்தது என்ற நினைப்பால் கவரோடு செயினையும் மாற்ற நேர்ந்தது.

இந்த எஞ்சினில் எதைக் கூடுதலாகக் காக்க வேண்டும் என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். இடப்பக்கத்தில் பிரைமரி செயின், கிளட்ச், ஆல்டர்னேட்டர் மூன்றையும் மூடியிருக்கும் அகன்ற கவர், நடுவில் உள்ள ஒரே நட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டும் பிரேக் பெடலும் அதற்கு வெளியே நெருங்கி நிற்கின்றன. வலப்பக்கத்தில் இருக்கும் டைமிங் கவருக்குள் ஆயில் பம்புகளும் பில்டரும் இருப்பதால், அங்கே ஏற்படும் விரிசல் எஞ்சினின் உயவையே நிறுத்திவிடும். இதே பக்கத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களும், கியர் லிவரும், கிக்கரும் இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டு கவர்களும் உடைந்தால் வேறு வாங்கி மாட்டிவிடலாம். எஞ்சினின் அடிப்பகுதியான முக்கிய உறை, அதாவது கிராங்க் கேஸ், அப்படியல்ல. எஞ்சின் எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு வண்டி பொருந்தாமல் போய்விடும். எனவே கவர்களைப் பலி கொடுத்தாவது கிராங்க் கேஸைக் காக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இங்கேதான் லெக் கார்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவைப்படுகிறது. பழைய புல்லட்டின் ஃப்ரேமில் எஞ்சினுக்கு அடியில் தொட்டில் போலத் தாங்கும் குழாய் கிடையாது. கழுத்திலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினின் முன்பக்கத்தில் முடிந்து, இரண்டு தகடுகளின் வழியாகக் கிராங்க் கேஸின் முன்காதுகளோடு, அதாவது போல்ட்டுத் துளையுள்ள நீட்சிகளோடு, போல்ட்டால் இணைகிறது. அதாவது எஞ்சினும் ஃப்ரேமின் ஓர் அங்கமாகவே எடையைச் சுமக்கிறது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கார்டுகளின் மேல்முனை அந்த முன்குழாயைக் கவ்வியும், கீழ்முனை முன்தகட்டுப் போல்ட்டிலும் மாட்டப்படுவதால், கனத்த குழாயில் செய்த, வளையவே வளையாத கார்டு ஒன்று தரையில் மோதும்போது, வாங்கிய அடி முழுவதையும் நெம்புகோல் போல அந்த அலுமினியக் காதுகளுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கனமாக இருந்தால் பலம் அதிகம் என்று எண்ணி அப்படிப்பட்ட கார்டை வாங்குவது, காக்க வேண்டிய இடத்தையே அடிக்கு முன்னால் நிறுத்துவதாகும்.

நடுத்தர கனமுள்ள மென் இரும்புக் குழாயில் செய்த, அடி பட்டால் தானே வளைந்து வேகத்தை உறிஞ்சும் கார்டே நல்லது. மேல் கவ்வி முன்குழாயை முழுச்சுற்றாகப் பற்ற வேண்டும். இடையில் ஒரு ரப்பர்த் துண்டோ தோல் துண்டோ வைத்தால் அது வழுக்காமலும் பெயின்ட் உரியாமலும் இருக்கும். கீழே, பழைய போல்ட்டையே இழுத்துப் பிடித்து இரண்டு மரைக்கு மட்டும் நட்டு ஏற்றுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். கார்டின் தகட்டுக் கனம் கூடுவதால் அதற்கேற்ற நீளமுள்ள உயர்தரப் போல்ட்டையும் ஸ்பிரிங் வாஷரையும் போட்டாக வேண்டும். துளைகள் நேராகப் பொருந்தாவிட்டால் கார்டைத்தான் பட்டறையில் திருத்த வேண்டுமே தவிர, கம்பியால் நெம்பிப் போல்ட்டை நுழைக்கக் கூடாது, ஏனென்றால் அந்த இறுக்கம் ஓடும் நாளெல்லாம் காதுகளில் தங்கிவிடும்.

மாட்டிய பிறகு அது உண்மையிலேயே காக்குமா என்பதை வண்டியைக் கிடத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெட்ரோலை வடித்து, டேங்கையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, தரையில் சாக்குகளை மடித்துப் போட்டு, கூட ஒருவரை வைத்துக்கொண்டு வண்டியை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துக் கிடத்துங்கள். கார்டு, ஃபுட்ரெஸ்ட்டின் நுனி, ஹேண்டில்பாரின் நுனி ஆகிய மூன்றும் எடையைத் தாங்க வேண்டும்; கார்டு ஃபுட்ரெஸ்ட்டைவிடச் சற்று வெளியே நீண்டிருந்து முதலில் தரையைத் தொட வேண்டும். கவர்களுக்கும் பெடல், லிவர்களுக்கும் இடையில் களிமண் உருண்டைகளை ஒட்டிவைத்தால், கிடத்தும்போது எந்த உருண்டை நசுங்குகிறதோ அந்த இடமே ஆபத்தான இடம் என்பது தெளிவாகிவிடும். இதே சோதனையை மறுபக்கமும் செய்ய வேண்டும். ஒரு பிற்பகல் முழுவதும் போய்விடும்தான். ஆனாலும் இதற்கு ஈடான வேறு வழியை நான் கண்டதில்லை.

நசுங்கிய இடங்களில் இடைவெளியைக் கூட்டுவதே அடுத்த வேலை. கியர் லிவரைப் பல்வரிசையில் ஒரு பல் தள்ளி மாட்டியோ, வெளிப்புறமாகச் சிறிது வளைத்தோ கவரிலிருந்து விலக்கலாம். பிரேக் பெடலையும் அப்படியே வளைக்கலாம், ஆனால் வளைக்கும் வேலையை வண்டியிலிருந்து கழற்றி வைஸில் பிடித்துத்தான் செய்ய வேண்டும். மாட்டியபடியே சுத்தியலால் அடித்தால் அந்த அடி உள்ளே ஷாஃப்டுக்கும் உறைக்கும் இறங்கும். ஹேண்டில்பாரில் உள்ள கிளட்ச், பிரேக் லிவர்களின் கவ்விகளை, கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் சுழலும் அளவுக்கு இறுக்கி வைத்தால் விழும்போது அவை முறியாமல் திரும்பிக்கொள்ளும்.

சாயாமல் பார்த்துக்கொள்வது இவை அனைத்தையும்விட மலிவானது. மண்தரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டுதான் போட வேண்டும் என்றால் அதன் அடியில் ஒரு பலகைத் துண்டு அவசியம். வெயிலில் இளகும் தார்ச்சாலையும் ஈர மண்ணைப் போலவே ஸ்டாண்டை விழுங்கும்.

ஓடும்போது வழுக்கி விழுந்துவிட்டால், உங்களுக்கு அடி இல்லை என்று உறுதி செய்துகொண்ட உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். கிடந்தபடி ஓடும் எஞ்சின், எண்ணெய் சரியாகக் கிடைக்காமல் தேய்வதோடு, கார்புரேட்டர் வழியாக மண்ணையும் இழுத்துக்கொள்ளும். ஹெட்லைட் மேலுள்ள சாவியை அணைத்து, பெட்ரோல் குழாயை மூடிய பிறகே வண்டியைத் தூக்குங்கள். தூக்கியதும் கிக்கரை உதைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, சில நிமிடங்கள் நேராக நிறுத்தி வையுங்கள். இந்த எஞ்சினில் ஆயில் டேங்கும் உறைக்குள்ளேயே இருப்பதால், கிடந்த நேரத்தில் எண்ணெய் போகக் கூடாத அறைகளுக்குப் போயிருக்கலாம். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆக்சிலரேட்டர் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்து, கிக்கரைக் கையால் மெல்லப் பத்து முறை அழுத்துங்கள். சிலிண்டருக்குள் எண்ணெயோ பெட்ரோலோ சேர்ந்திருந்தால் பிளக் துளை வழியாக வெளியேறிவிடும். அது உள்ளே இருக்கும்போது வேகமாக உதைத்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும்.

விரிசலைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆறிய எஞ்சினில், அடிபட்ட இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை உலரத் துடைத்தபின் சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே நின்ற மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு கோடாகத் தெரியும். கவரில் சிறு விரிசல் என்றால், எண்ணெய்ப் பசை போகக் கழுவி எம்-சீல் பூசிப் பட்டறை வரை ஓட்டலாம். ஆர்கன் வெல்டிங் செய்தால், சூட்டில் கவரின் முகம் கோணியிருக்கக்கூடும் என்பதால், கண்ணாடிப் பலகையில் வைத்துச் சமம் பார்த்துத் தேய்த்த பிறகே புதிய பேக்கிங் போட்டு மாட்ட வேண்டும். வளைந்த கார்டைச் சூடாக்கி நிமிர்த்தி மறுபடி மாட்டாதீர்கள். புதிதாக மாட்டும்போது முன்தகட்டுப் போல்ட்டுகளையும் கழற்றி, காதுகளின் வேர்ப்பகுதியில் இதே சாக்பீஸ் சோதனையைச் செய்து, 100 கிலோமீட்டர் ஓடியபின் அவற்றின் இறுக்கத்தையும் இரு பக்க எண்ணெய் அளவையும் மீண்டும் பாருங்கள்.