வளர்ப்புப் பராமரிப்பு வழக்கு: ஜூனியர்கள் தடுக்கி விழும் இடங்கள்

போன வாரம் ஒரு ஜூனியர் மனு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று வயதுக் குழந்தை, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கிறது, சித்தி திரும்பக் கேட்கிறார். மனுவின் தலைப்பில் 'குடும்ப நீதிமன்றம்'. எனக்குப் பழைய எரிச்சல் பொங்கிவிட்டது.

கையெழுத்து விடுபட்டது, நகல் குறைந்தது என்பதற்கெல்லாம் நீதிமன்ற அலுவலகத்தில் மனுவை ரிட்டர்ன் போட்டுத் திருப்பிவிடுவார்கள், திருத்திக்கொள்ளலாம். அவற்றை விடுங்கள்.

தப்பான வாசல்

வளர்ப்புப் பராமரிப்பு என்றால் தத்துக் கொடுக்காமல் வேறொரு குடும்பத்தில் வளர விடுவது. அப்படி வைப்பது நீதிமன்றம் அல்ல, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு, 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி. அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 101-ஆம் பிரிவு. பொதுவாகக் குழுவின் உத்தரவு என்றால் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பு முடிவு என்றால் மாவட்ட ஆட்சியரிடம். அந்த விதிவிலக்கு பிரிவுக்குள்ளேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அப்போது எனக்குப் பிராக்டிஸ் இரண்டாவது வருஷம். ஒரு பாட்டி, பேரனைக் கேட்டு வந்தார். 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தில் ஓ.பி. (அசல் மனு) தாக்கல் செய்து பெருமையாக நம்பர் வாங்கினேன். நோட்டீஸ் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேரவில்லை, நீதிபதி விடுப்பு என்று வாய்தா போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது மாதம் எதிர்த்தரப்பு கேட்டது: "குழு உத்தரவு அப்படியே நிற்கும்போது இங்கே என்ன கேட்கிறீர்கள்?" பதில் இல்லை. மனுவை வாபஸ் வாங்கினேன். தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடம் உண்டுதான், தகுந்த காரணம் காட்ட வேண்டும். 'வக்கீல் பிரிவைப் படிக்கவில்லை' என்று எந்த வக்கீல் எழுதுவான்?

அப்புறம் குழு அலுவலகத்தில் பாட்டி பேரனைப் பார்த்தார். பிரியும்போது பால்குடி மறந்திருந்த வயது. தூக்குவாளியிலிருந்து முறுக்கு எடுத்து நீட்டினார். அவன் வளர்ப்பு அம்மாவின் முந்தானைக்குள் ஒதுங்கி, "வாங்கிக்கட்டுமா?" என்று அவரைக் கேட்டான். பேருந்து நிலையம் வரை பாட்டி எதுவும் பேசவில்லை. பஸ் ஏறும்போதுதான் கேட்டார், "அடுத்த வாய்தா எப்ப தம்பி?"

சொந்தத்திடம் ஒப்படையுங்கள், வீட்டை வந்து விசாரியுங்கள் என்று குழுவுக்கே முதல் வாரத்தில் ஒரு மனு எழுதியிருக்கலாம். ஒரு பக்கம் போதும்.

ஜூனியரின் வழக்குக் கோப்பில் குழுவின் உத்தரவு நகலைத் தேடினேன். உத்தரவு வந்து 19 நாள்தான் ஆகியிருந்தது, மேல்முறையீட்டுக்கு நேரம் இருந்தது. அன்றைக்கே வேறு மனு டைப் அடிக்கச் சொன்னேன்.

பார்க்கப் போகாமல் இருப்பது

குழு காரணம் எழுதித் தடுக்காதவரை பெற்றோர் குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். 'பார்த்தால் அழுவான்' என்று நின்றுவிடுகிறார்கள். வராத மாதங்கள்தான் பிறகு கோப்பில் பேசும்.

வளர்ப்பும் தத்தும்

இரண்டும் வேறு. தத்துக்குரியது என்று குழு கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கவே கூடாது.

வாட்ஸ்அப்பில் குழந்தையின் படம்

குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை.