மாவு உருண்டை மிதக்கிறதா?

கலிஃபோர்னியாவின் கிழக்கு சியரா மலைப்பகுதியில் ஏப்ரல் கடைசி சனிக்கிழமை ட்ரவுட் மீன்பிடி சீசன் திறக்கும். அன்று க்ரௌலி ஏரிக்குப் போனேன். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1941-ல் அணை கட்டி உருவான ஏரி அது. விடிவதற்குள் கரையெல்லாம் தேர்த்திருவிழாக் கூட்டம்.

நாலு மணி நேரம் ஒரு கடியும் இல்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவரோ ஒருவர் ஒரு நாளில் பிடிக்கலாம் என்ற அளவான ஐந்து மீனையும் பிடித்து முடித்துவிட்டார். என் இரையும் அவருடையதும் டப்பாவில் விற்கும் ஒரே வகை மிதக்கும் மாவு! பொறுக்க முடியாமல் கேட்டேன். "கரையோரம் போட்டுப் பாருங்கள்" என்றார், அவ்வளவுதான்.

முழங்கால் அளவு தண்ணீரில் விட்டேன். உருண்டை கல் மாதிரி இறங்கிப் பாசிக்குள் புதைந்தது. மிதக்கும் மாவுதான், ஆனால் என் தூண்டில் முள் பெரியது, கனம் இழுத்துவிட்டது. மீன் நீந்துவதோ பாசிக்கு மேலே.

மூன்று கொக்கி உள்ள சின்ன மும்முள்ளாக மாற்றி, அது முழுசாக மறையும்படி மாவை உருட்டினேன். ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் நடுவே ஒன்றரை அடி இருந்த தூண்டில் நரம்பை மூன்றடியாக்கினேன். மறுபடி கரையோரச் சோதனை: ஈயம் தரையில், உருண்டை மேலே நின்று ஆடியது. சரி, இனி வீசலாம்.

இருபது நிமிடத்தில் முதல் ட்ரவுட். மதியத்துக்குள் மூன்று. நான்காவது, பக்கத்துப் பையனின் நரம்போடு சிக்கி அறுந்தது. அந்தக் கூட்டத்துக்கு இன்னும் கனமான ஈயம் போட்டிருக்க வேண்டும். லேசானது காற்றில் நகர்ந்து அடுத்தவர் பக்கம் போய்விடுகிறது.