உயரமான பையன் பந்தைக் கீழே இறக்கக் கூடாது
கூடைப்பந்தில் உயரமான பையனை வளையத்துக்கு அடியில் நிறுத்தி, வலம் இடம் மாறி மாறி 20 லேஅப் (வளையத்துக்கு அருகிலிருந்து எம்பிப் பந்தைப் போடுவது) போடச் சொல்லுங்கள். விழும் பந்து தாடைக்குக் கீழே இறங்கினால் அந்த லேஅப் கணக்கில் சேராது. வலப்பக்கம் வலக்கை, இடக்காலில் எம்பல், இடப்பக்கம் நேர்மாறு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் மைக்கன் பெயரில் வழங்கும் பழைய பயிற்சிதான் இது.

ரீபவுண்டை, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, இடுப்புவரை கொண்டுவந்தால் உயரத்தால் என்ன பயன்? குள்ளமான கார்டு (வெளிவட்டத்தில் ஆடுபவன்) சுலபமாகத் தட்டிவிடுவான். மேலேயே வைத்திருந்தால் மறுபடி போடவும் நேரம் மிச்சம்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் அடுக்குமாடித் திடலில் வலையில்லாத வளையம்தான் கிடைத்ததா? பந்து வேகமாக விழும். எட்டிய இடத்தில் பிடித்து உடனே உயர்த்தினால் போதும். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றால் எம்பவே வேண்டாம், நின்றபடி போடட்டும்.