மேல்முறையீட்டிலும் ரிமாண்டுக்குப் பிறகும் புதிய மருத்துவ சாட்சியம்: ஜூனியர்கள் தவிர்க்க வேண்டியவை

சிகிச்சைக் குறைபாட்டுக்கு இழப்பீடு கேட்ட சிவில் வழக்கு முதல் சுற்றில் தோற்ற பிறகுதான் பலருக்கு மருத்துவ நிபுணரின் நினைவே வருகிறது. மேல்முறையீட்டிலோ, மேல்கோர்ட் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பிய (ரிமாண்ட்) பிறகோ அவரைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இன்றைய ஜூனியர் வக்கீல்களின் மனுக்களைப் புரட்டினால், நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்துப் பிழைகளே திரும்பி வந்திருக்கின்றன. நகல், கட்டணம் போன்ற குறைகளை மனுவை ரிட்டர்ன் செய்தே கோர்ட் கற்றுக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதுத் தேதி போட்ட பழைய விஷயம்

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41 விதி 27, மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியத்துக்கு மூன்று வாசல்களைத்தான் வைத்திருக்கிறது. ஏற்க வேண்டிய சாட்சியத்தைக் கீழ்க்கோர்ட் மறுத்திருக்க வேண்டும். அல்லது உரிய கவனத்தோடு முயன்றும் அது நமக்குத் தெரியாமலோ கிடைக்காமலோ போயிருக்க வேண்டும். அல்லது தீர்ப்புச் சொல்ல மேல்முறையீட்டுக் கோர்ட்டுக்கே அது தேவைப்பட வேண்டும். மூன்றாவதை நம் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்த முடியாது என்று இப்ராஹிம் உதின் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் விளக்கமாகவே சொல்லியிருக்கிறது.

ஒரு மேல்முறையீட்டில் ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரின் கருத்தைத் தாக்கல் செய்தார்கள். நல்ல அறிக்கை. ஆனால் அவர் ஆராய்ந்த கேஸ் ஷீட், எக்ஸ்ரே எல்லாமே முதல் விசாரணையிலேயே சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டவை. பிரமாணப் பத்திரத்தில் இருந்த விளக்கம், "முன்பு கிடைக்கவில்லை" என்ற ஒரே வரி. "அப்போதே எந்த மருத்துவரிடம் கேட்டீர்கள்?" என்றார் நீதிபதி. பதில் இல்லை, மனு தள்ளுபடி. கருத்தின் தேதி புதிதாக இருந்தால் சாட்சியம் புதிதாகிவிடாது.

கொடுமை என்னவென்றால், தீர்ப்புக்குப் பிறகு எடுத்த ஸ்கேன் ஒன்று பாதிப்பு முற்றியதைக் காட்டியது. அது இணைப்பின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. உண்மையிலேயே புதிதான அந்த ஸ்கேனை முன்னிறுத்தி மனுவை எழுதியிருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். படுத்த படுக்கையாக இருந்த கட்சிக்காரர் அந்த வாய்ப்பை இழந்தார்.

யாரை, எப்போது அணுகினோம், ஏன் கிடைக்கவில்லை என்பதைத் தேதிவாரியாக எழுதுங்கள். கடிதம், ஒப்புகை எது இருந்தாலும் இணையுங்கள்.

ரிமாண்ட் உத்தரவைப் படிக்காமல் சாட்சிப் பட்டியல் தருவது

மறுவிசாரணை என்றதும் பழையதெல்லாம் அழிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதே கட்டளை 41-இன் விதி 23-இன்படி முதல் விசாரணையில் பதிவான சாட்சியம், சட்டப்படியான ஆட்சேபங்களுக்கு உட்பட்டு, ரிமாண்டுக்குப் பிறகும் சாட்சியமே. முன்பு நம் தரப்பு மருத்துவர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டதும் அப்படியே நிற்கும். குறிப்பிட்ட பிரச்சினைக்கு மட்டும் வழக்கைத் திருப்பியிருந்தால், அந்த எல்லையைத் தாண்டிப் புது நிபுணரைக் கொண்டுவர முடியாது.

கூடுதல் சாட்சிய மனுவுக்கு முதலில் தனி உத்தரவு கேட்பது

வேண்டாம். அப்பீலின் இறுதி விசாரணையோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

பழைய வழக்கில் புதிய பிரிவு

புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாட்சிய அதினியம்) அமலுக்கு வந்த 1.7.2024-க்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகளுக்கு, நிபுணர் கருத்தைப் பொறுத்தவரை 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுதான்.

அறிக்கையை மட்டும் நீட்டுவது

மருத்துவர் கூண்டேறி, எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யாதவரை அது வெறும் காகிதம். காரணம் சொல்லாத முடிவுக்கும் மதிப்பில்லை; ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கு (2009) அதைத்தான் வலியுறுத்துகிறது. கேஸ் ஷீட்டின் எந்தப் பதிவை, எந்த மருத்துவ அடிப்படையில் தவறென்கிறார் என்பதைப் பக்க எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கோர்ட்டுக்கு வர அவர் தயாரா என்பதை மனு போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.