ஓலெட் திரைக்குப் படம் மாற்றும்போது புள்ளியைத் தொலைக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டுக்கு வரும் உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் இருவர், மீன் ஐஸ் பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தார்கள். அர்டுயினோ ஊனோ என்ற சின்ன நிரல்பலகையும், ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் 128×64 பிக்சல் ஓலெட் திரையும்தான். பெட்டியைத் திறந்து மூடுகிறவர்கள் பார்ப்பதற்கு என்பதால் எழுத்து தமிழில்தான் வேண்டும் என்று நின்றார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஆனால் திரையில் வந்தது 'வெபபம'.

திரையை இயக்கும் நிரல் நூலகத்தோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதனால் சொல்லைப் படமாக எழுதி, படத்தை எண்களாக மாற்றும் இமேஜ்2சிபிபி என்ற இணையக் கருவியில் கொடுத்து, வரும் பைட் வரிசையை ஸ்கெட்சில், அதாவது அர்டுயினோ நிரலில், ஒட்டுவோம். எல்லா வேலையும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே எங்கும் போவதில்லை.

பிள்ளைகள் சொல்லைப் பெரிதாக எழுதிவிட்டு, சுருக்கும் வேலையைக் கருவியிடம் விட்டார்கள். முதல் தவறு அதுதான். சுருங்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி மங்கலான சாம்பல் பிக்சலாகிவிடும். ஒற்றை நிறத் திரையில் சாம்பலுக்கு இடமில்லை. 0 முதல் 255 வரையான வெளிச்சத்தில் 128 என்ற எல்லைக்கு மேலே இருந்தால் வெள்ளை, கீழே இருந்தால் கறுப்பு. வெள்ளைப் பின்னணியில் இருந்த சாம்பல் புள்ளி அப்படியே கரைந்துபோனது. எல்லையைக் கூட்டினோம். புள்ளி வந்தது, ஆனால் 'வெ'யின் சுழி அடைத்துக்கொண்டது. அப்புறம் 64×20 பிக்சல் அளவிலேயே சொல்லைப் புதிதாக வரைந்து, புள்ளி ஒவ்வொன்றையும் இரண்டுக்கு இரண்டு பிக்சலாகக் கையால் வைத்தோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, 'வெப்பம்' தெளிவாக வந்தது. 160 பைட்தான்.

சாம்பல் நிறத்தைக் கறுப்பு வெள்ளைப் பிக்சல்களைத் தூவிக் காட்டுவதுதான் டித்தரிங். எழுத்துக்கு அது வேண்டவே வேண்டாம், வெறும் கறுப்பு வெள்ளையான பைனரியில் விடுங்கள். புகைப்படத்துக்கு டித்தரிங் உதவும், ஆனால் எல்லாப் படத்துக்கும் அல்ல. கோட்டைக்குள் திரியும் புள்ளிமானைத் தொடக்கப் படமாக வைக்க ஆசைப்பட்டு, கைபேசியில் எடுத்த படத்தை மாற்றினார்கள். மானின் புள்ளியும் புல்லும் ஒரே பொரியலாகக் கலந்துவிட்டன. கோட்டுருவமாக வரைந்து ஏழெட்டுப் புள்ளி வைத்ததும்தான் மான் மானாகத் தெரிந்தது.

வெள்ளையில் கறுப்பாக எழுதிய படத்தை அப்படியே மாற்றினால் ஓலெட்டில் பின்னணிதான் எரியும், எழுத்து இருட்டாக இருக்கும். மாற்றும் கருவியில் நிறத்தைத் தலைகீழாக்கும் தெரிவில் குறி வையுங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பென்றால் பின்னணி நிறத்தையும் பாருங்கள். கறுப்பு எழுத்துக்குக் கறுப்புப் பின்னணி கொடுத்தால் ஒன்றுமே தெரியாது.

நினைவகத்தில் செய்யும் தவறுதான் அதிக நேரத்தைத் தின்னும். கருவி தரும் நிரல் கோடில் 'புரோக்மெம்' என்று ஒரு சொல் வரும். ஏதோ தேவையில்லாதது என்று அதை அழித்துவிடுகிறார்கள். ஊனோவில் ரேம் மொத்தம் 2048 பைட். திரையை இயக்கும் அடாஃப்ரூட் நூலகம் அதற்காக 1024 பைட்டை எடுத்துக்கொள்கிறது. முழுத்திரைப் படமும் 1024. அந்தச் சொல் இருந்தால் படம் நிரலை வைத்திருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் மட்டும் இருக்கும், இல்லையென்றால் ரேமுக்குள் வந்து உட்கார்ந்துவிடும், வேறெதற்கும் இடமிருக்காது. கோட் பிழையில்லாமல் ஏறும், ஆனால் திரை கறுப்பாகவே கிடக்கும். பிள்ளைகள் வயரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

படம் கிழிந்த மாதிரி வந்தால் மாற்றும் கருவியில் வரையும் முறையைப் பாருங்கள். அடாஃப்ரூட் நூலகத்தில் படம் வரையும் கட்டளையான டிராபிட்மேப்புக்கு, பிக்சலுக்கு ஒரு பிட் வீதம் கிடைமட்ட முறை வேண்டும். யு8ஜி2 என்ற இன்னொரு நூலகத்தின் டிராஎக்ஸ்பிஎம் கட்டளை பிட்டுகளைப் பின்னிருந்து படிப்பதால், பிட் வரிசையைத் திருப்பும் தெரிவையும் சேர்த்துப் போட வேண்டும். படம் சாய்ந்து ஓடினால் அகலம் பிசகியிருக்கிறது. 48 அகலத்துக்கு வரிக்கு 6 பைட். கோடில் 50 என்று எழுதினால் 7 பைட்டாகப் படிக்கும், வரிக்கு வரி நழுவும்.

இதைப் பிடிக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, முதல் தடவை மாற்றும்போது படத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு பிக்சல் கோடு போடுங்கள் என்பதுதான். திரையில் நான்கு பக்கமும் நேராக வந்தால் அகலமும் முறையும் சரி. அப்புறம் அந்த விளிம்புக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி மாற்றுங்கள்.