துருப்பிடித்த தரையும் கழல மறுக்கும் போல்ட்டும்

பழைய காரின் தரைத் தகட்டைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டைக் கழற்ற வேண்டும். சீட்டைக் கழற்றப் போனால் போல்ட் அசையாது. அதனால் இந்த இரண்டு வேலையையும் நான் சேர்த்தே தொடங்குவேன். போல்ட்டில் எண்ணெய் ஊறுகிற நேரத்தில் தரையை ஆராய்ந்துவிடலாம்.

சீட் போல்ட்டை மேலிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் அதன் நுனி தரைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, சேறும் தண்ணீரும் பட்டுத் துரு மண்டிக் கிடக்கும். கழற்றும்போது அந்தத் துரு முழுவதும் நட்டின் மரை வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும். மாட்டிக்கொள்வது அங்கேதான். எனவே முதலில் காருக்கு அடியில் போய் (ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து) நுனியைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டு, பெனட்ரேட்டிங் ஆயில் (துருவின் இடுக்குகளுக்குள் ஊறிப் பிடியைத் தளர்த்தும் எண்ணெய்) அடியுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் இன்னொரு முறை அடியுங்கள்.

கழற்றுவதற்கு, போல்ட்டின் தலையைக் கவ்விப் பிடிக்கும், உள்ளே ஆறு பட்டை உள்ள சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் துரு தின்ற தலையை மழுக்கிவிடும். போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி அதிலேயே விட்டுப்போவது உண்டு. அப்புறம் கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே. கிறீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்தி எண்ணெய் விடுங்கள். போல்ட் திரும்புகிற மாதிரி இருந்து, கையை எடுத்தால் பழைய இடத்துக்கே வருகிறதென்றால் அது முறுக்கிக்கொண்டிருக்கிறது, அடுத்து உடையப்போகிறது. அங்கே பலத்தைக் காட்டாமல் சூட்டுக்குப் போங்கள்.

சூடு காட்ட வேண்டியது நட்டுக்கு. நட் விரிந்தால்தான் பிடி தளரும். மங்கலான சிவப்பு வந்தால் போதும். பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ் பக்கத்தில் நெருப்பே வேண்டாம். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் சூடோ வெல்டிங்கோ கூடாது. அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு வரும்.

உடைந்தே போனாலும் வழி இருக்கிறது. மிச்சமிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டிங் செய்து, ஆறியதும் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரை நான் கடைசியாகத்தான் தொடுவேன். கடின எஃகான அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது.

சரி, இப்போது தரை. கார்பெட்டையும் அதன் கீழே ஒட்டியிருக்கும் தார் ஷீட்டையும் முழுதாக உரித்து எடுங்கள். பெயின்ட் நன்றாகத் தெரிவதை நம்ப வேண்டாம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு சொத்தென்று ஒலிக்கும். அங்கே ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். கால் வைக்கும் பள்ளத்தின் மூலைகளும், கதவடிச் சட்டத்தோடு (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பாகம்) தரை சேரும் விளிம்பும் முதலில் போகிற இடங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் அப்போதே கண்டுபிடியுங்கள்: கண்ணாடி ரப்பர், அடைத்துப்போன வடிகால், ஒழுகும் ஹீட்டர். அதைச் சரிசெய்யாமல் போடும் தகடு வீண்.

ஓட்டை மேல் ஃபைபர் ஒட்டி மூடும் வேலையை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் தரையும் காரின் பலத்தைத் தாங்குகிற பாகம். துருவைத் தாண்டி, முழுக் கனமுள்ள பளிச்சென்ற இரும்பு வரும்வரை வெட்டுங்கள். கதவடிச் சட்டமும் அரித்திருந்தால், வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்டிங் செய்து தாங்கல் கொடுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் காரின் உடல் தொய்ந்து கதவு மூடாது.

அட்டையில் அளவு வெட்டி, பொருத்திப் பார்த்து, அப்புறம் 1 மில்லிமீட்டர் கனத் தகட்டுக்கு மாற்றுங்கள். தகடு தகட்டின்மேல் ஏறும் இடங்களில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாக பிரைமர் அடியுங்கள், முடிந்தபின் அங்கே வேறெதுவும் எட்டாது. பேட்டரியைக் கழற்றி, அடியில் ஓடும் பிரேக், பெட்ரோல் பைப்புகளையும் ஒயர்களையும் விலக்கிவிட்டு, 0.6 மில்லிமீட்டர் ஒயர் போட்ட மிக் வெல்டிங்கில் (ஒயரே உருகி இணைக்கும் வெல்டிங்) முதலில் சுற்றிலும் டாக் (சின்னச் சின்னப் புள்ளி வெல்டிங்) அடியுங்கள். பிறகு இங்கே ஒரு சென்டிமீட்டர், எதிர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் என்று தாவித் தாவி நிரப்புங்கள். ஒரே இழுப்பில் போனால் தகடு நெளிந்துவிடும். அடியிலுள்ள தார்ப்பூச்சு எளிதில் பற்றிக்கொள்ளும். தீயணைப்பானோடு ஒருவர் கீழே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் காரை விட்டு நகரக் கூடாது.

எபாக்ஸி பிரைமர், அது காய்ந்ததும் இணைப்புகளில் சீம் சீலர் (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பசை), அதற்கு மேல் காரின் அடிப்பக்கத்துக்கான பூச்சு. கதவடிச் சட்டத்தின் உள்ளே மெழுகு அடியுங்கள், ஆனால் வடிகால் துளைகளை மட்டும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். சீட் பெல்ட் போல்ட்டுகளைப் பொறுத்தவரை, பழையது எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், அதே மரையும் அதே தரமும் உள்ள புதியவற்றைப் போட்டு, டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்குங்கள்.